டீ குடிக்கறதுக்குள்ள நகர்ந்த முள்ளு

கோயமுத்தூர் கணபதியில ஒரு மில்லிங் பட்டறை. மெஷின்ல மாட்டுன பீஸ் நேரா இருக்கான்னு பாக்கற டயல் கேஜுக்கு, மொதலாளி தண்டபாணி தன் கையாலயே ஒரு ஹோல்டர் செஞ்சிருந்தாரு. தூண்டில் குச்சி மாதிரி ஒல்லியா, நீளமா ஒரு கம்பி. அதைப் புடிக்க ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை வச்சு அளந்து ஓட்டுன பீஸெல்லாம் ரிஜெக்டு. மொதலாளி செஞ்சதைக் குத்தம் சொல்ல முடியுமா? ஆபரேட்டர் சகாயத்தை, "கை நடுங்குது"ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

அடுத்து அந்த மெஷினுக்கு வந்தவன் மாசிலாமணி. அவன் ஓட்டுனதும் ரிஜெக்டு ஆக, "ஹோல்டர்தான் தப்புங்க"ன்னான்.

"நாலு பீஸ் போச்சு, உன் கையும் ஆவாத கைதான். ஹோல்டர்தான் தப்புன்னா இப்பவே காட்டு. இல்லைன்னா நாளைக்கு வராத"ன்னாரு தண்டபாணி.

"காட்டறனுங்க. என் கைதான் ஆவாத கையாச்சே, நான் தொடலீங்க. நீங்களே முள்ளை ஜீரோவுல வைங்க."

தண்டபாணி வச்சு, ஸ்க்ரூவை இறுக்குனாரு. மெஷின் ஓடவே இல்ல. மாசிலாமணி ரெண்டு கையாலயும் டீ கிளாஸைப் புடிச்சுக்கிட்டு, தள்ளி நின்னு ஊதி ஊதிக் குடிச்சான். கிளாஸ் காலியாகறதுக்குள்ள கம்பி தொங்கி, முள்ளு மூணு கோடு தள்ளிப் போயிருந்துச்சு.

"கடைசியாத் தொட்டது நீங்கதானுங்க. யாரை வீட்டுக்கு அனுப்பறது?"

பட்டறையில ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சா அடுத்தது அவங்கதான்.

மாசிலாமணி சோத்துப் பையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தான். ஸ்கிராப் துண்டுல அவனே செஞ்சது. குட்டையா, கட்டைவிரல் மொத்தத்துல, ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கும். மாட்டுனாங்க. இன்னொரு டீ குடிச்சும் முள்ளு அசையல.

"சரி, இதையே போட்டுக்க."

"அப்ப சகாயத்தை வரச் சொல்லட்டுங்களா?"

தண்டபாணி பழைய ஹோல்டரைத் துடைச்சு டிராயருக்குள்ள வச்சுப் பூட்டுனாரு.

"அவன் கை நடுங்கும்டா"ன்னாரு.