மூன்று தலை வயர்

“படம் வருது டீச்சர். அவதான் வரல” என்றார் தில்லைவாணன்.

பியூலா டீச்சர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

பாளையங்கோட்டையில் ஹோம் தியேட்டர் சாமான் விற்கிற கடை அது. டீச்சருக்கு நாற்பது வயதுதான். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு வந்து கடை போட்டவர். கடை போட்ட பிறகும் வாத்தியார் புத்தி போகவில்லை. டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற ரிசீவர் பெட்டியை விற்பார். எந்த வயரை எங்கே சொருகுவது என்று பொறுமையாகச் சொல்லித் தருவார். ஆனால் யார் வீட்டுக்கும் போய் மாட்டித் தர மாட்டார். எவ்வளவு பெரிய மனிதர் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

“உங்க வீடு. உங்க கையால மாட்டுங்க.”

தில்லைவாணன் ஓய்வு பெற்ற தாசில்தார். ஊரையே எதிரில் நிற்கவைத்துப் பேசியவர். அவரும் இந்தக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ரிசீவரின் முதுகைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டுதான் போயிருந்தார்.

அவர் மனைவி மங்கையர்க்கரசி இறந்து எட்டு மாதம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. கல்யாண போட்டோவில் அவள் தலை குனிந்திருந்தாள். சுவரில் மாலையோடு தொங்குவது வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். புள்ளிபுள்ளியாகக் கலங்கிய அதில் யாரோ ஒருத்தி போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளாக, கண்ணை மூடினால் அவள் முகம் அவருக்குச் சரியாக வரவில்லை. சாவைவிட அது அவரைப் பயமுறுத்தியது.

பீரோவைக் குடைந்தபோது அவளுடைய பழைய வீடியோ கேமராவும் பதினோரு டேப்பும் கிடைத்தன. உடனே பெரிய டிவி வாங்கினார். ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் வாங்கினார்.

“எத்தனை டேப் பார்த்தீங்க?” என்றார் டீச்சர்.

“பதினொண்ணையும். குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, என் ரிட்டையர்மென்ட் விழா. எல்லாத்துலயும் நான் இருக்கேன். அவ ஒண்ணுலகூட இல்ல. ரிசீவர்ல ஏதும் கோளாறா இருக்குமோ?”

விவரம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி இல்லை இது. ஆனாலும் கேட்டார். துக்கம் மனிதனை எதை வேண்டுமானாலும் கேட்க வைக்கும்.

“படம் யாரு சார் எடுத்தது?”

“அவதான். கேமராவைக் கையை விட்டு எறக்க மாட்டா.”

“நான் எடுக்கேன்னு நீங்க கேட்டீங்களா?”

தில்லைவாணன் மேஜையைப் பார்த்தார்.

“சரி. அதுல அவங்க என்ன பேசுறாங்க?”

“சத்தம் வரல. வேண்டாம்னு நானும் விட்டுட்டேன்.”

“கேமரா வயர்ல மூணு தலை இருக்குமே?”

“மஞ்சளை மட்டும் சொருகினேன். படத்துக்கு அதுதான்னு நீங்க சொன்னீங்க. வெள்ளையும் சிவப்பும் தொங்குது.”

“அஞ்சு ஸ்பீக்கர் வாங்கிட்டுப் போய் ஊமைப்படம் பார்த்திருக்கீங்க.”

“எனக்கு முகத்தைப் பார்த்தாப் போதும் டீச்சர். அவ பேச்சைத்தான் முப்பத்தெட்டு வருஷமா கேட்டேனே.”

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி எடுத்தார்.

“மத்த ரெண்டையும் சொருகிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே தில்லைவாணன் வாசலில் நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

“சொருகிட்டேன். ஒண்ணும் கேட்கல.”

“எதுல சொருகினீங்க? காட்டுங்க.”

நோட்டை விரித்துக் காட்டினார். வெள்ளையும் சிவப்பும் ‘அவுட்’ என்று எழுதிய வரிசையில் போயிருந்தன.

“இது ரிசீவர் பேசுற ஓட்டை சார். கேமராவும் பேசுது, ரிசீவரும் பேசுது. அப்போ கேட்கிறது யாரு?”

“பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

“இருக்கும்.”

தில்லைவாணன் நோட்டை மூடினார்.

“நீங்களே ஒருதடவை வந்து மாட்டிக் கொடுத்திடுங்க. கெஞ்சிக் கேட்கேன். தினமும் கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டு வாரேன் டீச்சர். நேத்து அவ எந்தப் பக்கம் மூக்குத்தி போட்டிருந்தான்னு தெரியல. உட்கார்ந்து யோசிக்கேன், தெரியல.”

எப்படிப்பட்டவருக்கும் மனசு இளகியிருக்கும். டீச்சருக்கும் இளகியது. ஆனால் பதில் மாறவில்லை.

“கேமராவையும் ஒரு டேப்பையும் இங்க கொண்டு வாங்க. உங்க கையால மாட்டுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

அன்று மதியமே ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். டேப்பின் முதுகில் மங்கையர்க்கரசியின் குண்டு எழுத்து. ‘குத்தாலம், சாரல்.’

கடையின் உள்ளறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரிசீவரின் பின்பக்கம் அவர் குனிந்தார். மஞ்சளை மஞ்சளில் சொருகினார். பிறகு ‘இன்’ என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளையையும் சிவப்பையும் சொருகினார்.

திரையில் ஏதோ பாட்டுக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது.

“மாட்டினேனே. இன்னும் வரலையே?”

“இந்த ரிசீவர்ல நாலு பெட்டி மாட்டியிருக்கு சார். இப்ப எதைக் கேட்கணும்னு நீங்கதான் அதுக்குச் சொல்லணும்.”

ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். தில்லைவாணன் தேடித்தேடி ஒரு பட்டனை அமுக்கினார்.

கச்சேரி நின்றது. குற்றாலம் வந்தது.

லாட்ஜ் வராந்தா. பிரம்பு நாற்காலி. தலைமுடி கறுத்த தில்லைவாணன் பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம். தூரத்தில் அருவி இரைந்தது.

அப்போது அவள் பேசினாள்.

“இது குத்தாலம். காலையில இருந்து சாரல். இவர் எங்க வீட்டுக்காரர். பேப்பருக்குப் பின்னால இருக்கார்.”

தில்லைவாணன் திரைக்கு அருகில் போய்விட்டார். ஓரங்களைத் தேடினார். வராந்தா ஜன்னல் கண்ணாடியில் அவள் நிழலாவது விழுந்திருக்கிறதா என்று திரையில் மூக்கு முட்டப் பார்த்தார்.

டீச்சர் எழுந்து போய், மஞ்சள் பின்னைப் பிடுங்கினார்.

திரை இருண்டது.

“ஐயோ, படம் போச்சு டீச்சர்!”

“அவங்க அதுல இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க.”

இருட்டில் தூறல் மட்டும் கேட்டது. பிறகு, நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்ததைப் போல, அவள் குரல்.

“ஏங்க.”

தில்லைவாணன் கண்ணை மூடினார்.

“ஏங்க, உங்களைத்தான்.”

முகம் வந்தது. முழுசாக வந்தது. வலப்பக்கம் மூக்குத்தி. ஏதாவது கேட்பதற்கு முன்னால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள், அதுவும் வந்தது. அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எட்டு மாதத்தில் அன்றுதான் அழுதார்.

“எல்லாத்துலயும் நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. என்னையும் ஒருதடவை எடுங்களேன். ஒண்ணும் கஷ்டமில்ல, இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினாப் போதும். இந்தாங்க, பிடிங்க.”

தில்லைவாணன் எழுந்தார். கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

“கொடு” என்றார். “கொடும்மா. எடுக்கேன்.”

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஐந்து ஸ்பீக்கரிலிருந்தும் அவருடைய குரலே வந்தது.

“அப்புறம் பார்க்கலாம்.”