கடைசி நீட்டல்

"சிஸ்டர், நான் பாட்டுலருந்து நின்னுக்கிடுதேன். கல்லறைத் திருநாளுக்கு வேற ஆளைப் பாருங்க."

சந்தியாகு பர்னாந்துக்கு வயது அறுபது. பாடகர் குழுவை நடத்தும் சிஸ்டர் எமரன்சியாவுக்கு அதில் பாதி. ஆனாலும் பாட்டு என்று வந்துவிட்டால் சந்தியாகுதான் சீடர்.

"என்னவாம்?"

"கடைசி நீட்டல்ல மூச்சு முட்டுது."

ஸ்பெயின் தேசத்துக் குருவானவர் ஒருவர் நானூறு வருஷத்துக்கு முன்னால் இறந்தவர்களுக்காக எழுதிய பூசைப் பாட்டு அது. ஆறு குரல், வாத்தியமே கிடையாது. ஒரு குரல் இறங்கும்போது இன்னொன்று ஏறும். கேட்டுக்கொண்டே இருந்தால் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். முடிவில் எல்லாக் குரலும் அடங்கி ஒரே நீட்டல். அதில் அடிக்குரல் சந்தியாகுவோடு சேர்த்து நாலு பேருக்கு.

"மாத்தி மாத்தி மூச்செடுங்கன்னு முதல் நாளே சொன்னேனே, அண்ணாச்சி."

"அது கள்ள மூச்சு. நான் கடல்ல முங்கிச் சங்கு குளிச்சவன். மூச்சடக்குறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பிறகு குரல் இறங்கியது.

"இந்த வருஷம் எங்கண்ணனுக்காகப் பாடுதேன். சித்திரையில போயிட்டான். பாதியில விட்டா அவனையே விட்ட மாதிரி."

கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"அவரும் சங்கு குளிப்பாரா?"

"இல்ல. நான் குளிப்பேன். அவன் வள்ளத்துல நின்னு கயிறு பிடிப்பான்."

"மூச்சு முட்டினா நீங்களே உங்களைத் தூக்கிக்கிடுவீங்களா?"

"அதெப்படி? நான் கயித்தை ஒரு இழுப்பு இழுப்பேன். மேலருந்து அவன் தூக்குவான்."

"ம்."

அவ்வளவுதான். சிஸ்டர் எழுந்து கையைத் தட்டினார்.

"எல்லாரும் வாங்க. கடைசிப் பக்கம்."

"சிஸ்டர், நான்..."

"இன்னிக்கு ஒரு தடவை பாடிட்டுப் போங்க. முட்டினா வாயை மூடிக்கிடுங்க."

பாட்டு தொடங்கியது. சாயங்கால வெயில் பச்சைக் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்து, கோயிலே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நீட்டல் வந்தது.

பாதியில் நெஞ்சு அடைத்தது. வழக்கமாக இந்த இடத்தில் உயிரைக் கொடுத்துத் தள்ளுவார். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்.

எல்லாம் போச்சு என்று நினைத்தார். போகவில்லை.

பக்கத்தில் வலந்தீன் வாத்தியார் பாடிக்கொண்டிருந்தார். குருவி மூச்சுக்காரன் என்று இத்தனை நாளும் சந்தியாகு கேலி பேசிய அதே வலந்தீன். அவர் மூச்செடுத்தபோது பின்னால் நின்றவர் பிடித்துக்கொண்டார். அடிக்குரல் இம்மியும் அசையாமல் நின்றது. இத்தனை மாதம் பாடியும் சந்தியாகு அதைக் கேட்டதே இல்லை.

காலடியில் எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் பயம் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மறுபடி சேர்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்தது. சிஸ்டர் அவர் பக்கம் வந்தார்.

"விட்டீங்களா, அண்ணாச்சி?"

"விட்டுட்டேன், சிஸ்டர்."

"அறுந்துச்சா?"

சந்தியாகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மேல வந்துட்டேன்."