சுழியனின் மூன்றாம் சுற்று

மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டினால் இந்தப் பக்கம் வெயில் காய்கிற ஒரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. பெயர் கேட்காதீர்கள். சொன்னால் "எங்கள் ஊருக்குப் பக்கம்தானே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவீர்கள், கதை அங்கேயே படுத்துக்கொள்ளும்.

அந்த நாட்டு மன்னன் மாவேள் காய்ச்சலில் இறந்துபோனான். பிள்ளைகுட்டி இல்லை. அவன் விட்டுப்போனது ஒரு தங்கையும் ஒரு குதிரையும். தங்கை பெயர் எயினி. குதிரை பெயர் சுழியன். நெற்றியில் சுழி இருந்ததால் அந்தப் பெயர். அதே பெயருள்ள பலகாரம் என்று நினைத்து யாரும் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம்.

எயினிக்குத் தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அத்தனை பெரிய அரண்மனையில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்க ஒரே ஒருவன் இருந்தான். அவனும் போய்விட்டான். இப்போது எல்லோரும் "தாயே, தாயே" என்று அவளைக் கும்பிட்டார்கள். சாப்பிட்டாளா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டத்துக்கு வருகிறவரும் இறந்த மன்னனின் குதிரையும் சேர்ந்து திடலை மூன்று முறை வலம் வர வேண்டும். முரசு அடிக்கும். குதிரை அந்தத் தாளத்துக்கு அடி வைத்து நடக்க வேண்டும். முடிவில், இறந்தவருடைய போர்வை விரித்த பீடத்தின் முன்னால் வந்து நிற்க வேண்டும். வலம் முடியாமல் போனால் பட்டமும் இல்லை, குதிரையும் இல்லை. ஆகாத குதிரை என்று சேணத்தைக் கழற்றி, தப்படித்து, எல்லைக்கு அப்பால் காட்டுக்குள் துரத்திவிடுவார்கள். அது புலிக்காடு.

எயினி அதுவரை குதிரை ஏறியதே இல்லை. பட்டம் போனால் போகட்டும், சித்தப்பா மகன் உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் வலம் வராவிட்டால் சுழியன் ஆகாத குதிரையாகிவிடுமே? அண்ணனுக்காக ஏங்குகிற உயிர் தன்னை விட்டால் அது ஒன்றுதானே! அதையும் புலிக்குக் கொடுத்துவிட்டு அவள் யார் முகத்தைப் பார்ப்பாள்?

அதனால் லாயத்துக்குப் போனாள்.

முதலில் தளபதி யோசனை சொன்னார். "கடிவாளத்தை இறுக்கிப் பிடியுங்கள், தாயே. வாய் வலித்தால் வழிக்கு வரும்." எயினி ஏறினாள், இறுக்கினாள். சுழியன் பின்னங்காலில் எழுந்து நின்றது. அரசகுமாரி வைக்கோலில் தலைகுப்புற விழுந்தாள். லாயக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

பிறகு மடைப்பள்ளிக்காரர் சொன்னார். "வெல்லம் கொடுங்கள், தாயே. வாயை அடைத்தால் வழிக்கு வரும்." எயினி உருண்டை உருண்டையாகக் கொடுத்தாள். சுழியன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எறும்புகளுக்குத்தான் கல்யாணச் சாப்பாடு.

மூன்றாவதாக, ஆடை அறைக்காரி வந்து காதோடு சொன்னாள். "அண்ணனுடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு போங்கள், தாயே. அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து வழிக்கு வரும்."

அடி பாவி! அதையும் கேட்டாளே இந்தப் பெண். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போய் நின்றாள்.

வாசனை பட்டதும் சுழியன் கனைத்தது. மன்னன் போன பிறகு அது வாய் திறந்தது அன்றுதான். காதை நிமிர்த்திக்கொண்டு ஓடிவந்து, போர்வைக்குள் மூக்கை நுழைத்து, தோளில் தலையை வைத்தது. வைத்த தலையை மெதுவாக எடுத்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. அன்றைக்குக் கொள்ளும் தின்னவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.

எயினி போர்வையைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "அவரு வரமாட்டாருடா சுழியா," என்றாள். அண்ணன் இறந்த அன்று சபை பார்க்கிறது என்று அடக்கிவைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. குதிரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பிவைத்திருந்தது.

மறுநாளிலிருந்து அவள் யோசனை கேட்பதை விட்டாள். சேணம் போடவில்லை. சுழியனின் இடப்பக்கம் நின்று, அது நடந்தால் நடந்தாள், நின்றால் நின்றாள். கொஞ்ச நாளில் அது அவளை ஏறவிட்டது. ஏறினாள், விழுந்தாள், மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். தொடையெல்லாம் கன்றிப்போயிற்று. தரையைப் பார்த்தால் குதிரை தடுமாறுகிறது, போகிற இடத்தைப் பார்த்தால் நேராக நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள். தான் மூச்சைப் பிடித்தால் அதுவும் உடம்பை இறுக்குகிறது, மூச்சை விட்டால் அதுவும் தளர்கிறது என்று தெரிந்துகொண்டாள். வழியெல்லாம் அண்ணனைப் பற்றி அதனிடம் பேசிக்கொண்டே போவாள். வேறு யாரிடம் பேசுவது?

வலம் வருகிற நாளும் வந்தது. திடல் நிறைய ஜனம். முரசு அடித்தது. முதல் சுற்று, சுழியன் அடி பிசகவில்லை. இரண்டாம் சுற்று, அடி பிசகவில்லை. அட, பரவாயில்லையே என்று சித்தப்பா மகனே சொல்லிவிட்டான்.

மூன்றாம் சுற்றின் பாதியில் காற்று திரும்பியது.

பீடத்தில் விரித்திருந்த போர்வையின் வாசனை வந்தது. சுழியன் காது நிமிர்ந்தது. அதன் உடம்பு நடுங்குவது எயினியின் காலுக்குத் தெரிந்தது. அன்று வாயில் கடிவாளம் இருந்தது. சுண்டி இழுத்திருந்தால் வட்டத்திலேயே நின்றிருக்கும், வலமும் முடிந்திருக்கும். "இழுங்கள், தாயே! இழுங்கள்!" என்று தளபதி தொண்டை கிழியக் கத்தினார்.

எயினி கடிவாளத்தை விட்டுவிட்டாள். "போய்ப் பாத்துட்டு வாடா," என்றாள்.

சுழியன் வட்டத்தை விட்டுப் பாய்ந்து பீடத்துக்கு ஓடியது. போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. முரசு ஓய்ந்தது. எயினி இறங்கி அதன் கழுத்தில் கை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். தப்புக்காரர்கள் தப்பை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது.

ஆனாலும் தொடங்கியதை முடித்துவிட்டே போவோம் என்று, சுற்று அறுந்த இடத்துக்குத் தனியாக நடந்தாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவளைப்போல் தனியாக அன்று யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது.

சுழியன் அவளுக்கு வலப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அவள் அடி வைத்தால் அது அடி வைத்தது. முரசுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோலை எடுத்தார். மிச்சச் சுற்றை இரண்டு பேரும் நடந்தே முடித்துப் பீடத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

"இது செல்லாது! மன்னர் குதிரைமேல் இருக்க வேண்டும்!" என்று தளபதி குதித்தார்.

சபைத் தலைவர் கொற்றனார் நிதானமாக எழுந்தார். "சேர்ந்து வலம் வர வேண்டும் என்பதுதான் வழக்கம், தளபதியாரே. இதுவரை வந்தவர்கள் எல்லாம் குதிரைமேல் வந்தார்கள். இவர்தான் குதிரையோடு வந்திருக்கிறார்," என்றார். திடலே எழுந்து நின்றது.

எயினி நெடுங்காலம் ஆண்டாள். தனிமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், அது எங்கே போகும்? ஆனால் தினமும் உச்சிவேளையில் லாயத்துக்குப் போவாள். கழுத்தைத் தடவிக்கொண்டே, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பாள். சுழியன் அவள் தோளில் தலையை வைக்கும். வைத்த தலையை எடுக்காது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: துக்கத்தில் இருக்கிற உயிரை அதட்டியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ வழிக்குக் கொண்டுவர முடியாது; அதன் கூடவே நின்றால் அது தானாக நம்மோடு நடந்து வரும்.