உறைக்குக் கொடுத்த மண்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் வேதியியல் கற்பித்த சௌந்தரம் டீச்சர். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

"அம்மணி, மண்ணு தெளிஞ்சு போச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றார் நாச்சிமுத்து.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஆற்றோரத்தில் முப்பது ஆண்டுகள் சாயப்பட்டறை நடத்தி, பிறகு அதை மூடியவர்.

ஊரார் ஆசிரியை என்றே அழைத்த கோகிலவாணிக்கு வயது முப்பத்து மூன்று. கெட்டுப்போன நிலங்களுக்கு வழி சொல்வது அவர் தொழில். கூப்பிட்ட ஊருக்குப் போவார், மண்ணைச் சோதிப்பார், கேள்வி கேட்பார். கடப்பாரையை மட்டும் தொடமாட்டார். நிலம் யாருடையதோ வேலையும் அவருடையது என்பது அவர் கொள்கை.

மகள் வயதுக்காரியிடம் கைகட்டி நிற்கிறாரே என்று ஊர் சிரித்தது. நாச்சிமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பட்டறையில் உழைத்த பத்தொன்பது குடும்பங்கள் கழிவு வாய்க்காலின் கரையில் தகரக் கொட்டகைகளில் கிடந்தன. பட்டறை நின்ற நான்கு ஏக்கரில் அவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகக் குலதெய்வத்தின் முன் சூடமடித்துச் சத்தியம் செய்திருந்தார். நிலம் குடியிருக்கத் தக்கது என்று ஆசிரியை எழுதித் தந்தால்தான் அஸ்திவாரம் தோண்ட முடியும்.

எப்படித் தெளிந்தது என்று ஆசிரியை கேட்டார்.

நாச்சிமுத்து பெருமையோடு விளக்கினார். சாயம் போட்ட துணியை அலசுபவனுக்கு ஒரே விதிதான். அலசிய நீர் தெளியும்வரை அலச வேண்டும். அதையே நிலத்துக்கும் செய்தார். வரப்புக் கட்டி நீர் நிரப்பினார். மண் குடித்து முடித்ததும் மறுபடி நிரப்பினார். நாற்பது நாள். நிலத்தின் நடுவே தோண்டிய குழியில் முதல் வாரம் நாவற்பழ நிறத்தில் நின்ற நீர், இப்போது அடி தெரிய நின்றது. ஒரு கண்ணாடிக் குவளையில் அதைக் கொண்டுவந்தும் இருந்தார்.

ஆசிரியை குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துணியில இருந்து போற சாயம் எங்கே போகும்?"

"வாய்க்காலுக்குங்க."

"மண்ணுல இருந்து போனது?"

நாச்சிமுத்து குழியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஆசிரியை குவளையைக் கவிழ்த்துவிட்டுச் சரிவில் இறங்கி நடந்தார். நாச்சிமுத்து பின்னால் போனார்.

கீழ்க்காடு பாவாத்தாளுடையது. கணவன் போன பிறகு தனியொருத்தியாக மூன்று ஏக்கரில் சின்ன வெங்காயமும் கம்பும் விளைவிப்பவள். கிணற்றடியில் நின்று வாளியால் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி மேலே வந்தது. நீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

"வாங்ணா," என்றாள் பாவாத்தாள். "பொங்கலுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்குது. அதுக்குள்ள கெணத்துக்குச் சாயம் பூசிட்டீங்களே."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரைத் தலை குனிய வைத்தது.

ஆசிரியை வாளியிலிருந்து குவளையை நிரப்பி அவர் கையில் கொடுத்தார்.

வீடு சேரும்வரை நாச்சிமுத்து அதைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் முதல் பாவாத்தாளின் வீட்டுக்கும் மாடுகளுக்கும் நல்ல தண்ணீர் அவர் செலவில் வந்தது. வண்டியை அவரே ஓட்டி வந்தார். ஆசிரியை காட்டிய இடங்களில் குழாய் இறக்கி, நிலத்தடியில் நகர்ந்த சாயநீரை இறைத்துப் பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டிக்கே திருப்பினார். பிறகு கேட்டார்:

"இனி என்னங்க பண்ணட்டும்?"

"வெட்டுங்க."

"எத்தனை அடிங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னால இருந்த மண்ணு தெரியற வரைக்கும்."

ஆள் உயரம் தோண்டியாயிற்று. அதற்கும் கீழே போயிற்று. பன்னிரண்டாம் அடியில் ஏணி வைத்து நாச்சிமுத்து இறங்கினார். இறங்கியவர் அசையாமல் நின்றார்.

குழியின் சுவர் முழுவதும் நிறம்.

பட்டறைக் கசடைக் கொட்டி மண் போட்டு மூடி, அதன் மேல் மறுபடி கொட்டிய முப்பது ஆண்டுகளும் பட்டுப்புடவையின் கரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. மேலே பாக்கு நிறம். அதன் கீழே ஒரு முழத்துக்கு மயில்கழுத்து நீலம். வெளிநாட்டுக்காரர்கள் நீலத்தைத் தவிர எதையும் கேட்காத இரண்டு ஆண்டுகள் அவை. மகளுக்குக் கல்யாணம் செய்தது அந்த நீலத்தில்தான். அதற்கும் கீழே, கட்டைவிரல் கனத்துக்கு ஒரு மஞ்சள்.

அந்த மஞ்சளை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கலவை தவறிய ஒரு தொட்டிச் சாயம். அடைமழை பெய்த மாலையில், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தம் கையாலேயே மடையைத் திறந்து நிலத்தில் விட்டது. ஒருவரும் பார்க்கவில்லை என்று இத்தனை காலம் இருந்தார்.

மண் பார்த்திருந்தது. வைத்தும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், பாதத்துக்குக் கீழே, செம்மண். ஒரு நிறமும் எட்டாதது. முதல் மழை விழுந்த காட்டின் மணம் அதிலிருந்து எழுந்தது. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி ஏணியின் படியில் வைத்தார்.

மேலிருந்து ஆசிரியையின் குரல் கேட்டது.

"என்ன தெரியுது?"

நாச்சிமுத்து அந்த மஞ்சளின் மேல் கை வைத்தார்.

"எல்லாந் தெரியுதுங்க."

கசடை அள்ள இரண்டு ஆண்டுகள் பிடித்தன. தார்ப்பாய் மூடிய லாரிகள் அதை ஏற்றிப்போய், ஒரு சொட்டும் கீழிறங்காதபடி விரிப்பிட்டுக் கட்டிய குழியில் சேர்த்தன. மிச்சமிருந்த மண்ணைச் சமன்படுத்திக் கொள்ளு விதைத்தார்கள். முளைக்கவில்லை. எருக்கும் வரவில்லை. எறும்புகள் குறுக்கே போகாமல் வரப்பைச் சுற்றிப் போயின. கொட்டகைக்காரர்கள் ஆடிக்கு ஆடி வந்து, எப்போது என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டு, வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அது இன்னும் கடினமாக இருந்தது.

"நஞ்சு போயிருச்சுங்க. உசுரு வரலையே," என்றார் நாச்சிமுத்து.

"உங்க வீட்டுல பால் தயிராகணும்னா என்ன செய்வீங்க?"

"உறை ஊத்துவோம்."

"உறைக்கு மோர் இல்லேன்னா?"

"பக்கத்து வீட்டுல வாங்குவோமுங்க."

ஆசிரியை தம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.

அந்த நிலத்துக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்றுதான். இருநூறு தப்படி தூரம். அதை நடக்க நாச்சிமுத்துவுக்கு மூன்று நாள் ஆயிற்று.

பாவாத்தாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பாலே திரிஞ்சு கெடக்குது. அதுல உறை ஊத்தி என்னங்ணா பண்ணப் போறீங்க?"

ஆனாலும் உள்ளே போய்ப் படியை எடுத்து வந்தாள். கிணற்று நீர் ஏறாத மேட்டுப் பாத்தியில், வேப்பமரத்தடியில் கையால் கிளறி, புழு நெளியும் கருமண்ணை அள்ளி, தலைதட்டி அளந்தாள்.

"சும்மா குடுக்கலீங்ணா. இது கடன். உங்க மண்ணுல இருந்துதான் திருப்பித் தரணும். என்ற பாத்தியில நான் நம்பிப் போடறாப்பல இருக்கோணும்."

ஒரு படி.

நாச்சிமுத்து சாயக்காரர். ஒரு கைப்பிடித் தூள் ஒரு தொட்டி நீரை நிறமாக்குவதைப் பார்த்தே வாழ்ந்தவர். அந்த ஒரு படியை நான்கு ஏக்கருக்கும் சீராகத் தூவினார். சித்திரை வெயிலில் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"ஒரு கரண்டி மோரைக் கொளத்துல ஊத்தினீங்களா?" என்று கேட்டார் ஆசிரியை.

நாச்சிமுத்து மறுபடி போனார். பாவாத்தாள் மறுபடி அளந்தாள். இன்னொரு படி.

இம்முறை ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் போதும் என்றார் ஆசிரியை. நிழல் கட்டி, சாணம் கரைத்து ஊற்றி, சருகு போர்த்தி, ஈரம் காயாமல் காக்க வேண்டும். நாச்சிமுத்து காத்தார். நாற்பத்தேழாம் நாள் அருகம்புல்லின் ஊசிமுனை ஒன்று எழுந்தது. அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போகவில்லை. குத்தவைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பாயிலிருந்து அடுத்த பாய்க்கு உறை எடுத்தார். அதிலிருந்து அடுத்ததற்கு. நான்காம் ஆண்டு முடிவில் பாதி நிலம் பசுமை.

கூடையில் மண்ணை அள்ளிக்கொண்டு கடனைத் தீர்க்கப் போனார்.

பாவாத்தாள் கூடையைப் பார்த்தாள். வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"மொதல்ல உங்க வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போடுங்ணா," என்றாள்.

அவர் கூடையோடு வீட்டுக்குப் போனார். கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று நின்றது. தினமும் அவர் சோற்றுக்கு வரும் இலை. கூடையைச் சாய்க்கக் குனிந்தார்.

கை சாயவில்லை.

"பாவாத்தாள் வாங்கலையா?" என்று கொல்லை வாசலில் வந்து நின்ற ஆசிரியை கேட்டார்.

"அவங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க. என்னால முடியல."

"அந்த வீடுகள்ல குடி வரப்போற குழந்தைகள்ல மண் தின்னாத குழந்தை எதுங்க ஐயா?"

நாச்சிமுத்து கூடையை எடுத்துக்கொண்டு நிலத்துக்குத் திரும்பினார்.

அடுத்த கோடை கொடியது. நிலம் பாளம் பாளமாக வெடித்தது. நனைத்த சாக்குகளைப் பாய்பாயாகப் போர்த்தி, அவர் ஒற்றையாளாக ஓடிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து ஒன்பது நாள் பார்த்திருந்த பாவாத்தாள், பத்தாம் நாள் முள்ளை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். கையில் ஓர் உழக்கு நிறையக் கருமண் இருந்தது.

"கேக்காமயே குடுக்கறேன். அதுக்காக இனாம்னு நெனைச்சுக்காதீங்க," என்றாள். "இதுங் கடன்தான்."

அவர் இரு கையாலும் ஏந்தி வாங்கினார்.

ஏழாம் ஆண்டு ஆசிரியை நிலத்தின் நாற்பது இடங்களில் மண் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார். பாவாத்தாளின் கிணற்று நீரையும் அனுப்பினார். தாள்கள் வந்தன. ஓர் எண்ணும் எல்லை மீறவில்லை. நாச்சிமுத்து தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

ஆசிரியை பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை.

"கடன் பாக்கி இருக்குதே," என்றார்.

நாச்சிமுத்து கூடையை எடுத்தார். ஆசிரியை உடன் நடந்தார். சேதி எப்படிப் போயிற்றோ, கொட்டகைகளிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்து வேலியோரம் நின்றார்கள்.

பாவாத்தாள் வாயெடுக்குமுன் நாச்சிமுத்து மடியிலிருந்து ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"போன வருசமே போட்டுட்டேனுங்க. அன்னியில இருந்து எங்க வீட்டுக் கொழம்புல இதுதான்."

அவள் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். கூடையில் கைவிட்டாள். ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். அவள் விரலிடுக்கில் ஒரு மண்புழு தலை நீட்டி, வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே புகுந்தது. பாவாத்தாளின் கை அப்படியே நின்றது. அவள் கண்ணை மூடினாள். நாச்சிமுத்துவுக்குக் குழியின் அடியில் வெறுங்காலோடு நின்ற நாள் நினைவுக்கு வந்தது. மணம் அதேதான்.

அவள் படியையும் உழக்கையும் எடுத்துவரப் போனாள்.

நாச்சிமுத்து கோபுரமாகக் குவித்து அளந்தார். அவள் புறங்கையால் தலைதட்டி, மிச்சத்தை அவர் கூடையிலேயே தள்ளினாள்.

"குடுத்தது போதுங்ணா. கூட எதுக்கு?"

அளந்த மண்ணை வெங்காயப் பாத்தியின் தலைமாட்டில் கொட்டி, இரு கையாலும் கலந்துவிட்டாள். எது அவளுடையது, எது அவருடையது என்று அதற்குப் பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ஆசிரியை வேப்பமரத்தடியில் அமர்ந்து பேனாவின் மூடியைத் திறந்தார். குடியிருப்புச் சான்றுத் தாளில், சோதனைச்சாலை எண்களின் கீழே, நிலத்தின் இன்றைய நிலை என்று கேட்டிருந்த இடத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினார்:

திருப்பிச் செலுத்தியது, இரண்டு படி ஓர் உழக்கு.