நான்காவது கேள்வி

ஹசீனாவுக்கு முப்பத்து மூன்று வயது. சபாநடேசனுக்கு நாற்பத்தாறு. ஆனாலும் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் ஹசீனாதான் அவருக்கு குரு.

புதிதாகச் சேருகிறவர்களை, வேறு பிரிவில் இருக்கும் ஒருவரிடம் ஒரு வருடத்துக்கு ஒப்படைப்பது அங்கே வழக்கம். சபாநடேசன் மார்க்கெட்டிங்கில் தமிழ் விளம்பரம் எழுதச் சேர்ந்தவர். அதற்கு முன் பதினெட்டு வருடம் மதுரையில் ஜவுளிக்கடைகளுக்கு ரேடியோ விளம்பரம் எழுதினார். அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஹசீனா நான்காவது மாடியில், கிளெயிம் பிரிவில் இருந்தார். பாலிசி எடுத்தவர் இறந்தபின் குடும்பத்தார் அனுப்பும் காகிதங்களைப் படித்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவது அவருடைய வேலை.

"குருவைப் பாத்தாச்சா சார்?" என்று மார்க்கெட்டிங்கில் சிறுசுகள் கேலி செய்வார்கள். சபாநடேசன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே போய் ஒரு கேள்வி கேட்பார்.

ஒருமுறை, "ஜனங்க எதுக்கு மேடம் பாலிசி எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

ஹசீனா மேஜை மேலிருந்த கோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு இறப்புச் சான்றிதழ், ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆறு இடங்களில் கோணலாகப் போட்ட கையெழுத்து. சபாநடேசன் ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கோப்பை மூடிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வருடம் முடியப் போகிற நேரம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் 'என் முதல் ஆண்டு' என்று ஒரு பக்கம் எழுதி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். அதற்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும்.

"இந்த ஒரு வருஷத்துல என்ன கத்துக்கிட்டேன்னு எழுதச் சொல்றாங்க. என்ன எழுதட்டும் மேடம்?"

ஹசீனா ஒரு கடிதத்தை அவர் முன்னால் தள்ளினார். ஆங்கிலத்தில் இருந்தது. கொரட்டூரில் ஏகாம்பரம் என்று ஒரு ஆட்டோ டிரைவர். பாலிசி எடுத்து ஏழாம் மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். கிளெயிமை நிராகரித்து அவருடைய மனைவி பரிமளாவுக்கு அனுப்பிய கடிதம் அது.

"இந்தம்மா இதை எடுத்துக்கிட்டு மூணு தடவை கவுண்டருக்கு வந்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் ஒரு மாதிரி சொல்லி அனுப்பியிருக்காங்க. தமிழ்ல எழுதிக் கொடுங்க சார். உங்க தமிழ் எல்லாருக்கும் புரியுது."

சபாநடேசன் எழுதிக்கொண்டு வந்தார். ஹசீனா வாய்விட்டுப் படித்தார்.

"'விண்ணப்பதாரர் தமது உடல்நிலை குறித்த முக்கியத் தகவலை வெளிப்படுத்தாமையின் காரணமாக...' விளம்பரத்துல இப்படியா சார் எழுதுவீங்க?"

"இது விளம்பரம் இல்லையே மேடம்."

"அதே ஜனங்கதான் சார் படிக்கப் போறாங்க."

அவர் தாளை வாங்கிக்கொண்டு போனார். மறுபடி எழுத இரண்டு மணி நேரம் ஆனது. இந்த முறை இரண்டே வரிகள். 'உங்கள் கணவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை எங்களிடம் மறைத்துவிட்டார். அதனால் உங்களுக்குப் பணம் தர மாட்டோம்.'

"கடுமையா இருக்கு மேடம்."

"இங்கிலீஷ்லயும் இதேதான் சார் இருக்கு."

"தபால்ல அனுப்பிடலாமா?"

"நீங்களே கொண்டு போய்க் கொடுங்க. நானும் வர்றேன்."

ரயில் பாதையை ஒட்டிய சந்தில் பரிமளாவின் வீடு. முன்னறையில் ஒரு தையல் மெஷின், இரண்டு நாற்காலிகள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பரிமளா நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தார். மொத்தமே இரண்டு வரிதான். நிதானமாகப் படித்தார்.

"இப்பதான் சார் புரியுது. யாரு எழுதுனது?"

"நான்தாம்மா."

"மறைச்சிட்டாருன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"அவரு மறைக்கல சார்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "ஸ்டாண்டுல நின்னுக்கினு போன்லதான் எல்லாத்தையும் போட்டாரு. நடுவுல எனக்கு போன் பண்ணாரு. 'சுகர் இருக்கான்னு கேக்குது. ஆமான்னு போட்டா இன்னும் பதினாறு கேள்வி இருக்குன்னு கீழயே போட்டிருக்கு. சவாரி வேற வந்து நிக்குது'ன்னாரு. நான்தான் சொன்னேன். மாத்திரைதான் தெனமும் போடுறியே, இல்லன்னே போட்டுட்டு வேலையப் பாருன்னு. நான் சொன்னதத்தான் அவரு போட்டாரு."

சபாநடேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தில் அது நான்காவது கேள்வி. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் ஏதேனும் உண்டா? அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். 'ஆம்' என்றால் மேலும் பதினாறு கேள்விகளுக்குப் பதில் அளிக்க வேண்டியிருக்கும். அதை எழுதியது அவர்தான். சேர்ந்த மூன்றாம் மாதம் மேனேஜர் கூப்பிட்டு, "அந்தக் கேள்வியில ஆமான்னு போடுறவங்கள்ல பாதிப் பேர் நடுவுலயே கழண்டுக்கிறாங்க, ஏதாவது பண்ணுங்க" என்றார். அவர் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். அடுத்த மாதமே 'ஆம்' என்று தொடுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். கூட்டத்தில் கிராஃப் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

"பணத்துக்காகக் கேக்கல சார்," என்றார் பரிமளா. "குடுத்தா உதவும். குடுக்கலன்னா ஜாக்கெட் தைச்சுப் பொழைச்சுக்குவேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க. அவரு திருட்டுத்தனம் பண்ண ஆள் இல்ல. என் பேச்சைக் கேட்டாரு, அவ்ளோதான்."

ஹசீனா, "எங்க ரெண்டு பேராலயும் அதை மாத்த முடியாதும்மா," என்றார். "மறுஆய்வுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அவங்கதான் மாத்தணும்."

பரிமளா தலையசைத்தார். கடிதத்தை மடித்துத் தையல் மெஷினின் இழுப்பறையில் வைத்தார். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். இருவரும் குடித்தார்கள்.

ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தபோது சபாநடேசன் கேட்டார்.

"அந்த வரியை நான் எதுக்கு எழுதினேன்னு குழுவுக்கு எழுதிக் கொடுத்தா, அவங்களுக்குப் பணம் கிடைக்குமா மேடம்?"

"தெரியாது சார்."

"என் வேலை?"

"அது தெரியும்."

ரயில் வந்தது. உட்கார இடம் இருந்தும் அவர் வாசல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். அவருடைய மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு முன்னால் நான்கு பேர் படித்தார்கள். குழுவாகச் சேர்ந்து உழைப்பது பற்றி ஒருவர், வாடிக்கையாளரின் நம்பிக்கை பற்றி ஒருவர். சபாநடேசன் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருடைய தாளில் அதிகம் ஒன்றும் இல்லை.

"நான்காவது கேள்விக்குக் கீழே இருக்கிற வரியை நான் எழுதினேன். படிக்கிறவர் 'ஆம்' என்று தொட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எழுதினேன். நினைத்தது நடந்தது. கொரட்டூர் ஏகாம்பரம் எதையும் மறைக்கவில்லை. நான் எழுதியதைப் படித்தார். இந்த ஒரு வருடத்தில் நான் செய்த வேலைகளில் கம்பெனிக்கு அதிகம் பயன்பட்டது அந்த வரிதான்."

மேனேஜர், "ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சபாநடேசன் அதே தாளில் கையெழுத்துப் போட்டு மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. பரிமளாவுக்கு வந்த கடிதத்தில் 'மறைத்துவிட்டார்' என்பதற்குப் பதிலாக 'தவறாகக் குறிப்பிட்டுள்ளார்' என்று இருந்தது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. சபாநடேசனுக்கு வந்த கடிதத்தில், அவரை நிரந்தரம் செய்ய இயலாததற்கு வருந்துவதாகவும் அவருடைய எதிர்காலத்துக்கு வாழ்த்துவதாகவும் இருந்தது. விண்ணப்பத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

கடைசி நாள் மத்தியானம் அவர் நான்காவது மாடிக்குப் போனார். ஹசீனா ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில் இருந்தது. பக்கத்தில் அவர் தோள் உயரத்துக்குக் கோப்புகள்.

"பரிமளாம்மாகிட்ட போன்ல பேசினேன் மேடம். கடிதத்தைப் படிச்சாங்களாம். வார்த்தை போயிடுச்சு, சந்தோஷம்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. அதுதான் தாங்க முடியல."

ஹசீனா எதிர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"நான் ஒரு வருஷம்தான் இருந்தேன். இங்க வந்து நீங்க கொடுத்ததைப் படிச்ச நாள்லயெல்லாம் சோறு இறங்கலை. நீங்க பத்து வருஷமா தினமும் இதைப் படிக்கிறீங்க. எப்படி மேடம் தாக்குப்பிடிச்சீங்க?"

ஹசீனா பென்சிலைக் கீழே வைத்தார். அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தாக்குப்பிடிச்சேன்னு யார் சார் சொன்னாங்க உங்களுக்கு?"