பதினோரு கறுத்த மணிகள்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தைந்து. வரதப்பன் முப்பது வருஷம் விதைக் கிடங்கில் சொத்தை மணிகளைப் பொறுக்கி ஒதுக்கியவர். கிடங்கை மூடிவிட்டார்கள். பிறகு கோழித் தீவனம் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஜெசிந்தா மேடத்திடம் புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

தொழில் இதுதான். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் சில மணிகளில் நஞ்சு ஊறும். மூட்டை முழுக்க நன்றாக இருக்கும், ஒரு பிடி மட்டும் விஷமாக இருக்கும். மாதிரி எடுத்து அரைத்து, கரைத்து, கருவியில் வைத்தால் ஒரு எண் வரும். இருபதைத் தாண்டினால் கோழிக்கு ஆகாது.

அன்று கோழிப்பண்ணைக்காரர் பாவாயம்மாளின் சோளத்துக்கு எட்டு வந்தது. "தாராளமாப் போடலாமுங்க" என்று போனில் சொல்லிவிட்டு, மேஜையைத் துடைக்கப் போனார் வரதப்பன்.

தட்டின் ஓரத்தில் பதினோரு மணிகள் கிடந்தன. எல்லாம் கறுத்தவை, வெடித்தவை.

ஒதுக்கி வைத்தது யார் என்று ஒரு கணம் யோசித்தார். வேறு யார், அவர் கைதான். அரைக்குமுன் மாதிரியைத் தட்டில் பரப்பியிருந்தார். சொத்தையைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? நஞ்சு இருக்கிறதா பார் என்று கொடுத்த மாதிரியில், நஞ்சை நோகாமல் எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சோதித்திருக்கிறார் மனிதர்.



பாவாயம்மாளுக்கு நாலாயிரம் கோழிகள். மூன்று மணிக்குத் தீவனம் போடுவார். இப்போது மணி ஒன்றே முக்கால். போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அரவை மெஷின் ஓடும்போது அந்தம்மாளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. பதினோரு மணிதானே, யாருக்குத் தெரியப்போகிறது? கோழி செத்தால் வெயில் என்பார்கள். அப்படி ஒரு நினைப்பு வந்ததுமே அவருக்குத் தன்னை நினைத்தே பயமாகிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஜெசிந்தா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்புப் பண்ணிட்டேனுங்க. பாவாயம்மா சோளத்துல இதைப் பொறுக்கி வெச்சுட்டுத்தான் அரைச்சேன்."

ஜெசிந்தா அவர் நீட்டிய தட்டைப் பார்த்தார்.  கை கழுவிவிட்டு வந்து, பதினோரு மணிகளையும் இருட்டுப் பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டார்.

"பாருங்கண்ணா."

வரதப்பன் துவாரத்தில் கண்ணை வைத்தார். ஏழு மணிகள் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்ந்தன. பூஞ்சை பிடித்த மணிதான் அந்த விளக்கில் அப்படி ஒளிரும்.

"இது... நஞ்சுதானுங்களா?"

"அளவு அரைச்சாத்தான் தெரியும். அதுக்கு நேரமில்ல. இதைக் காகிதத்துல மடிச்சு எடுத்துக்குங்க."

ஸ்கூட்டரை ஜெசிந்தா ஓட்டினார். பின்னால் வரதப்பன் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் காகிதப் பொட்டலத்தையும் பிடித்திருந்தார். பண்ணைக்குப் பதினெட்டு கிலோமீட்டர். வழியில் தெரிந்த ஒவ்வொரு கோழிப்பண்ணையிலும் கோழிகள் செத்துக் கிடப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

"மேடம், மெஷின் கோளாறுன்னு சொல்லிரலாமுங்களா?"

"சொல்லலாம். மெஷினுக்குத்தான் மறுத்துப் பேச வாயில்லையே."



பண்ணையில் அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணி இரண்டரைதான். ஆனால் வழக்கமான நேரத்துக்கு முந்திக்கொண்டு, முதல் வரிசைத் தொட்டியில் பாவாயம்மாள் தீவனம் கொட்டியிருந்தார். கோழிகள் கழுத்தை நீட்டியிருந்தன.

வரதப்பன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவரே ஓடிப்போய் இரண்டு கையாலும் தொட்டியை வாரினார். கோழிகள் அவர் கையைக் கொத்தின. ரத்தம் வந்தது. விடாமல் வாரினார். எதிர்ப்பக்கம் ஜெசிந்தாவும் குனிந்து வாரிக்கொண்டிருந்தார். பாவாயம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"என்னங்க இது? கொஞ்ச முன்னாடி நீங்கதானுங்களே போடலாம்னு சொன்னீங்க?"

 வரதப்பன் மேடத்தைப் பார்த்தார். மேடம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாதிரியில ஒரு சின்னக் கோளாறுங்க. மறுபடி பாத்துட்டுப் போட்டுக்கலாம்னு..." என்று இழுத்தார் வரதப்பன்.

பாவாயம்மாள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

"அட, அவ்வளவுதானுங்களா? உசுரே போயிருச்சு எனக்கு. இதே சோளத்துல பத்து மூட்டை என் தங்கச்சி நேத்துத்தான் மாட்டுக்குன்னு வாங்கிட்டுப் போனா. அவ பையன் அந்தப் பாலைத்தான் குடிக்கிறான். அவளையும் நிறுத்தச் சொல்லோணுமோன்னு பயந்துட்டேன். சின்னக் கோளாறுதானே, வேண்டாமில்லீங்க?"

  மாடு தின்றால் நஞ்சு பாலுக்கு வரும். முதல் வாரத்திலேயே மேடம் வரதப்பனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

ஜெசிந்தா நிமிர்ந்தார். வரதப்பனின் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, பிரித்து, கொத்துப்பட்ட அவருடைய உள்ளங்கையிலேயே வைத்தார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டார்.

"சின்னக் கோளாறு இல்லீங்க" என்றார் வரதப்பன்.  "இதெல்லாம் உங்க சோளத்துல இருந்த மணிங்க. அரைக்கறதுக்கு முன்னாடி நானே பொறுக்கி வெச்சிட்டேன். நல்லதை மட்டும் சோதிச்சிட்டுப் போடலாம்னு உங்ககிட்டச் சொன்னேன். இதுல விஷம் இருக்கும்போலத் தெரியுதுங்க. தங்கச்சிக்கு இப்பவே போன் பண்ணுங்க. மாட்டுக்கு வெக்க வேண்டாம். அந்தப் பாலையும் குடுக்க வேண்டாம்."

பாவாயம்மாள், வரதப்பனின் கையில் இருந்த மணிகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். போனைத் தேடிக்கொண்டு வீட்டுப்பக்கம் ஓடினார்.

அந்த ஐந்து நிமிஷம் வரதப்பனுக்கு ஐந்து யுகம். கோழிகள் பசியில் கூச்சலிட்டன. பாவாயம்மாள் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"காத்தால ஒரு தடவை வெச்சிருக்கா. சாயங்காலப் பால் இன்னும் கறக்கல."

"காலைப் பாலு?"

"தீவனம் வெக்கறதுக்கு முன்னாலேயே கறந்துட்டாளாம்."

வரதப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பாவாயம்மாள் அவரைத் தூக்கிவிடவில்லை. "இனி என்ர சோளத்துல உங்க கை படக்கூடாதுங்க. வேற யாராச்சும் பாக்கட்டும்" என்றார்.

ஜெசிந்தா அதற்குத் தலையசைத்தார். ஒவ்வொரு மூட்டையாகக் குழாய்போன்ற குத்தூசியைச் செருகி, மேலேயும் நடுவிலும் அடியிலும் தானே மாதிரி எடுத்தார். வரதப்பன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோளத்தைத் தொடவில்லை.

திரும்பும்போது பாதி வழியில் வரதப்பன் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, சாலையோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வேலைக்கு வரட்டுமுங்களா மேடம்?"

"எட்டரைக்கு."

"சோளத்தைத் தொடவே பயமா இருக்குதுங்களே."

"சரி."

வரதப்பன் மறுபடி பின்னால் ஏறிக்கொண்டார்.

"அந்தம்மாகிட்ட மொதல்ல சொன்னனே, அது பொய்யின்னுகூட எனக்குத் தோணலீங்க.  சொல்ல வேண்டாததை விட்டுட்டுச் சொன்னேன்னுதான் நெனச்சேன். சோளத்துல எதை எடுக்கறது, பேச்சுல எதை விடறதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரியுது?"

ஜெசிந்தா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"எனக்கும் தெரியாதுங்கண்ணா. எதை விட்டுரலாம்னு மனசு சொல்லுதோ, அதைத்தான் மொதல்ல அரைப்பேன்."