மூடிய கைக்குள் கனகாம்பரம்

டக்.

சின்னச் சத்தம். காய்ந்த சுள்ளியை நகத்தால் ஒடித்தது போல. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

சபாபதிக்கு அப்போது எட்டு வயது. அக்கா அஞ்சுகத்துக்குப் பன்னிரண்டு. மூடிய கையை அவர் காதருகே கொண்டுவந்து வைப்பாள். கைக்குள்ளே சத்தம் கேட்கும்.

"என்னக்கா அது?"

"உள்ள ஒருத்தன் இருக்கான். சொடக்குப் போடறான்."

கையைத் திறந்து காட்டமாட்டாள். ஓடிவிடுவாள்.

ஐம்பத்தெட்டு வருடம் போயிற்று. வேலூரில் கத்திரி வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தொட்ட ஒரு நாள் காலை, சபாபதி ஜமீலாவின் நர்சரி வாசலில் குடையோடு நின்று கேட்டார்.

"காய் ஏன் விதையைத் தரமாட்டேங்குது?"

ஜமீலாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பாலாற்றங்கரையில் பச்சை வலைப் பந்தல் போட்டு நாற்று விற்றாள். ஊரில் மாடியில் பூச்செடி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் பாதிப் பேர் கேலியாகவும் பாதிப் பேர் நிஜமாகவும் அவளை 'வாத்தியாரம்மா' என்றார்கள்.

"எந்தக் காய் சார்?"

சபாபதி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நெல்மணி அளவில் காய்ந்த காய்கள். நீளவாக்கில் கீறப்பட்டிருந்தன.

"கனகாம்பரம்."

"பிளேடு போட்டீங்களா?"

"வேற எப்படி எடுக்கறது? பத்து நாளாக் காத்திருக்கேன். ஒரு காயும் திறக்கல."

"உள்ள விதையும் ரெண்டாப் போயிருக்கே."

"சிலது."

"எல்லாமே சார்."

சபாபதி பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கனகாம்பர நாத்து தொட்டி தொட்டியா நிக்குது. ரெண்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள் ஜமீலா.

"அது வேற. எனக்கு வேண்டியது எங்கம்மா வச்ச செடியோட கன்னு."

"யாருக்கு?"

சபாபதி குடையை மடக்கினார். மறுபடி விரித்தார்.

"எங்கக்காவுக்கு."

அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்ததும் வீட்டையும் கொல்லையையும் அக்காவுக்கும் தனக்குமாக அவரே அளந்து பிரித்தார். கோடு போட்டபோது, கொல்லையில் இருந்த துவைக்கிற கல் ஒரு சாண் வித்தியாசத்தில் அவர் பக்கம் விழுந்தது. அறுபது வருடமாக அந்த வீட்டுத் துணியெல்லாம் அந்தக் கல்லில்தான். அஞ்சுகம் கல்லைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

"ஒரு சாண்தானேடா."

"கோடு கோடுதான் அக்கா. என் அக்கான்னு அது வளையுமா?"

"அளந்துட்டியா? சரி."

அதுதான் கடைசிப் பேச்சு. கோட்டின் மேல் சுவர் எழுந்தது. கல்லருகே நின்ற அம்மாவின் கனகாம்பரத்தைச் சபாபதி பெயர்த்து, மாடியில் சிமெண்ட் தொட்டியில் வைத்தார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் அக்காவின் மகள் வாசுகி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அம்மா கேக்கச் சொன்னாங்க. ஆயாவோட கனகாம்பரம் இன்னும் இருக்கான்னு."

"இருக்குன்னு சொல்லு. அக்கா எப்படி இருக்கா?"

"ஆடியைத் தாண்டறது கஷ்டம்ங்கறார் டாக்டர்."

மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். செடி இருந்தது. இலை பாதி உதிர்ந்து, நுனி கருகி, குச்சி குச்சியாக இருந்தது. உச்சியில் காய்ந்த கதிர்கள் மட்டும் விறைப்பாக நின்றன. பதியன் போட்டுப் பார்த்தார். இரண்டே நாளில் வெயில் குடித்துவிட்டது. மிச்சம் இருந்தது காய்தான்.

இதையெல்லாம் ஜமீலா கேட்டுக்கொண்டாள்.

"விதை போட்டா முளைக்க எத்தனை நாள் ஆகும் சார்?"

"மூணு வாரம். மேலயும் ஆகலாம்."

"பூக்க?"

"ஆறு மாசம்."

"ஆடிக்கு?"

சபாபதி விரல் விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்தினார். கணக்கு அவருக்கு வரும்.

"செடி இருக்கில்ல. அக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டுங்களேன்."

"எதைக் காட்டறது? குச்சியையா? கோடு போட்டு எடுத்துக்கிட்டுப் போனவன், சாகடிச்சு வச்சிருக்கேன்னு காட்டவா? ஒரு கன்னாவது கையில இல்லாம அந்த வாசப்படியை நான் எப்படி மிதிப்பேன்?"

"உங்க வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒன்பது அங்குலம். சுவர்."

"அடேயப்பா. அவ்வளவு தூரமா?" என்றாள் ஜமீலா.

சபாபதிக்குச் சுருக்கென்றது. திரும்பி நடந்தார். பந்தல் ஓரத்தில் நின்று, விடாமல் மறுபடி கேட்டார்.

"காய் எப்பத்தான் திறக்கும்?"

"அது ஒருத்தரை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கு சார்."

"யாரை?"

ஜமீலா பூவாளியை எடுத்துக்கொண்டு சாமந்தி நாற்றுப் பக்கம் போய்விட்டாள்.

வெயிலையா, காற்றையா, எறும்பையா? சபாபதி யோசித்துப் பார்த்தார். எது வந்தாலும் விதை சிந்திப்போகக் கூடாது என்று, பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு கதிருக்கும் சின்னப் பை தைத்துக் கட்டினார். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. மேலே பச்சை வலை. காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர், மாலையில் இரண்டு டம்ளர். வேரில் மட்டும்.

வெயில் இறங்கவில்லை. மாடித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. காகங்கள் வாயைத் திறந்தபடி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுவது மத்தியானத்தில் கேட்கும். கேட்காத மத்தியானங்களில் சபாபதிக்குச் சோறு இறங்காது. சுவரோரம் போய் நிற்பார். இருமல் கேட்டதும் வந்து சாப்பிடுவார்.

பைகளைத் தினமும் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

பத்தாம் நாள் ஒரு கதிரை ஒடித்து எடுத்துக்கொண்டு போனார்.

"ஒருத்தரும் வரல" என்றார்.

"யாரு சார் வரல?"

"நீதானேம்மா சொன்னே, காய் ஒருத்தரை எதிர்பார்க்குதுன்னு. பத்து நாளா நானும் அதுவும் உக்காந்திருக்கோம்."

ஜமீலா சிரித்துவிட்டாள். ஒரு முக்காலியை நிழலில் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. தண்ணி எங்க ஊத்தறீங்க?"

"வேர்ல. டம்ளர்ல அளந்து."

"கதிர் மேல?"

"ஒரு சொட்டுப் பட விடல. துணிப் பை கட்டி வச்சிருக்கேன்."

"நல்லாப் பாத்துக்கறீங்க" என்றாள். "அதைக் குடுங்க."

கதிரிலிருந்து இரண்டு காயைக் கிள்ளினாள். சட்டென்று வாயில் போட்டுக்கொண்டாள்.

சபாபதி எழுந்தே விட்டார். "என்னம்மா பண்றே! அம்மா குளிச்சிட்டுத்தான் அந்தச் செடியைத் தொடுவாங்க. சாமிக்குப் பறிக்கிற செடி!"

ஜமீலா பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். வாய்க்குள் காய் இருந்தது. ஒரு கணம் கழித்து எடுத்தாள்.

"கையை நீட்டுங்க."

"எச்சிலா இருக்கே."

"ஆமா. நீட்டுங்க."

நீட்டினார். ஈரக் காய்கள் இரண்டும் உள்ளங்கையில் விழுந்தன.

"மூடுங்க."

மூடினார்.

"எவ்வளவு நேரம்?"

"பேசாம இருங்க சார்."

பந்தலுக்கு வெளியே வெள்ளை வெயில். ஆற்று மணலில் ஓர் ஆடுகூட இல்லை.

டக்.

உள்ளங்கையில் எதுவோ சுண்டியது. சபாபதியின் கை தானாகவே காதருகே உயர்ந்தது.

டக்.

அவர் அப்படியே நின்றார். ஜமீலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறந்து பாருங்க சார். காய்க்கு நாலு விதை இருக்கும்."

அவர் திறக்கவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஒரு சொட்டு எச்சிலா?"

"அதுக்கு மழைக்கும் எச்சிலுக்கும் வித்தியாசம் தெரியாது."

சபாபதி குடையை மறந்துவிட்டு வெயிலில் இறங்கினார். ஆட்டோவில் ஏறி வீடு வந்ததும் மாடிக்குப் போனார். கதிர்களின் பைகளை அவிழ்த்தார். காய்ந்த கதிர்களை எல்லாம் ஒடித்து வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார். தெருவில் இறங்கி, பக்கத்து வாசப்படியை மிதித்தார்.

வாசுகி கதவைத் திறந்தாள். ஒதுங்கி நின்றாள்.

அஞ்சுகம் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள்.

"யாரு?"

"நான்தான்."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"வாங்க சர்வேயர். அளக்கற சங்கிலி எடுத்துட்டு வந்தீங்களா?"

சபாபதி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். மடியைப் பிரித்தார். காய்ந்த கதிர்கள்.

"செடி போயிடுச்சா?" என்றாள் அஞ்சுகம்.

"போயிடும் போல இருக்கு. கன்னு இல்ல. இதுதான் இருக்கு."

ஒரு காயைக் கிள்ளி வாயில் போட்டு நனைத்தார். அக்காவின் கையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. அவரே ஒவ்வொன்றாக மடக்கினார். அந்தக் கையைத் தூக்கி அவள் காதருகே பிடித்துக்கொண்டார்.

இருவரும் காத்திருந்தார்கள். வாசுகி வாசப்படியில் நின்றாள்.

டக்.

அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"இன்னைக்குத்தான்."

"மக்கு. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சாமி செடியை எச்சில் பண்றேன்னு தெரிஞ்சா அம்மா தோலை உரிச்சிருப்பா. நீ போய்ச் சொல்லிடுவ."

"சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லுவடா. நீ எதையும் உள்ளது உள்ளபடி சொல்றவன்."

சபாபதி தரையைப் பார்த்தார்.

"விதையை எங்க போடட்டும்?"

"கல்லுகிட்ட. அங்கதானே இருந்துச்சு."

"தினமும் தண்ணி ஊத்தறேன்."

"ரெண்டு டம்ளரா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாசுகி எங்க மாடியில இருந்து பாப்பா. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டும்பா. நாங்க சிரிப்போம்." சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் அடங்கியதும் சொன்னாள். "உன் டம்ளருக்கு ஒண்ணும் முளைக்காது. என் துணியை அந்தக் கல்லுல அலசச் சொல்லு. அந்தத் தண்ணி அப்படியே ஓடிக்கிட்டு இருந்தாத்தான் அது வரும்."

"வாசுகி எப்படி அங்க வருவா? நடுவுல சுவர் இருக்கே."

 அஞ்சுகம் அவர் மடியிலிருந்து இன்னொரு காயை எடுத்துத் தருமாறு விரலை அசைத்தாள். நனைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை தானே கையை மூடிக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் சபாபதி கடப்பாரையை எடுத்தார். வாளியோடு ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குச் சுவரைப் பிரித்தார். அளக்கவில்லை.

மறுநாளிலிருந்து வாசுகி வாளியோடு வந்தாள். கல்லில் அலசிய தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடி, விதை போட்ட இடத்தை நனைத்துவிட்டு மண்ணில் மறைந்தது. சில நாள் சபாபதியும் தன் வேட்டியைக் கொண்டுவந்து போட்டார். "மாமா, சோப்பு அதிகமாப் போடாதீங்க, விதை செத்துடும்" என்று வாசுகி அதட்டினாள். அவர் ஒரு குச்சியை நட்டு, தினமும் காலையில் அதில் ஒரு கோடு கீறினார்.

இருபத்து மூன்றாம் நாள் முதல் முளை வந்தது. இரண்டு இலை.

அஞ்சுகம் பத்தொன்பதாம் நாளே இறந்துபோயிருந்தாள்.